அசல் எது, நகல் எது?
பட்டாளத்துப் பழைய மோட்டார் சைக்கிள் எழுப்பும் கேள்வி

இங்கிலாந்தில் வண்டிகளைப் பதிவு செய்யும் சர்க்கார் இலாகா, 2025 ஆகஸ்டு 26-ந் தேதி முதல் ஒரு புது விதியை அமுலுக்குக் கொண்டுவந்தது. பழைய வண்டி ஒன்றை, அது பிறந்தபோது இருந்த மாதிரியே பழுதுபார்த்துப் புதுப்பித்தால், அதை இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை. தோற்றம் மாறக்கூடாது. பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்கள் மாறக்கூடாது. இவைதான் நிபந்தனைகள். வண்டியின் உடலமைப்பையே வெட்டி மாற்றினால் சொல்லியாக வேண்டும்.

செய்தி சின்னதுதான். ஆனால் அதற்குள் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. "பிறந்தபோது இருந்த மாதிரி" என்றால் என்ன? அது எப்படி இருந்தது என்று யார் சொல்வது? எண்பது வருஷத்துக்கு முன்னால் யுத்தத்துக்குப் போன ஒரு மோட்டார் சைக்கிளுக்குச் சாட்சி யார்?

இந்தக் கேள்வி சீமையில் உள்ள செல்வந்தர்களின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. நம் நாட்டிலும் பழைய வண்டிகளுக்கு 2021-ல் தனி விதி வந்துவிட்டது. நம் ஊர்களிலும் தாத்தா ஓட்டிய வண்டி கொட்டகையில் துருப்பிடித்து நிற்கிறது. அதை வாங்க வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே விஷயத்தைச் சற்று விவரமாகப் பார்ப்போம். உதாரணத்துக்கு ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம்.

துப்பாக்கிக் கம்பெனி செய்த வண்டி

பி.எஸ்.ஏ. என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது சைக்கிள். அம்பத்தூரில் உள்ள தொழிற்சாலையின் பெயரோடு சேர்ந்து வளர்ந்த பெயர் அது. ஆனால் அந்த மூன்று எழுத்துக்களின் விரிவு "பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ்". அதாவது, பர்மிங்ஹாம் துப்பாக்கிக் கம்பெனி! 1861-ல் துப்பாக்கிக் கொல்லர்கள் கூடி ஆரம்பித்தது. மூன்று துப்பாக்கிகளைச் சாய்த்து நிறுத்திய படம்தான் அதன் முத்திரை. துப்பாக்கிக்குப் பிறகு சைக்கிள் வந்தது. 1910-ல் மோட்டார் சைக்கிளும் வந்தது.

இந்தக் கம்பெனி 1937-ல் வெளியிட்ட ஒரு வண்டிக்கு எம்-20 என்று பெயர். ஒரே சிலிண்டர். 496 சி.சி. எஞ்சின். 13 குதிரைச் சக்தி. எடை சுமார் 165 கிலோ. முழு மூச்சாக ஓட்டினாலும் மணிக்கு 60 மைல் அளவுதான் ஓடும். அழகும் கிடையாது, வேகமும் கிடையாது. ஓட்டிய சிப்பாய்கள் பலர் அதன் கனத்தைக் கண்டு முணுமுணுத்தார்கள்.

பின் ஏன் பட்டாளம் அதைத் தேர்ந்தெடுத்தது? எளிமைதான் காரணம். வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும். தலைக்கு மேலே இராது. கொஞ்சம் பழகிய சிப்பாய் ரோட்டோரத்தில் உட்கார்ந்தே சிலிண்டர் தலையைக் கழற்றிக் கரி சுரண்டி மாட்டிவிடலாம். மட்டமான பெட்ரோலையும் குடிக்கும். மண்ணிலும் சேற்றிலும் முக்கி முனகியாவது போய்ச் சேரும். செய்தி கொண்டுபோகும் சிப்பாய்க்கு வேண்டியது அதுதானே!

இரண்டாவது உலக யுத்தத்தில் இந்த எம்-20 வண்டிகள் சுமார் 1 லட்சத்து 26 ஆயிரம் உற்பத்தியாயின. பிரிட்டிஷ் பட்டாளத்தில் மிக அதிகமாக ஓடிய மோட்டார் சைக்கிள்களில் இது ஒன்று. வட ஆப்பிரிக்கப் பாலைவனத்திலும், ஐரோப்பாவிலும், ஆசியாவிலும் ஓடியது.

அந்த எண்ணிக்கை சும்மா வந்துவிடவில்லை. 1940 நவம்பர் 19-ந் தேதி இரவு ஜெர்மன் விமானங்கள் பர்மிங்ஹாமில் குண்டு வீசின. பி.எஸ்.ஏ. தொழிற்சாலையின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. வேலையில் இருந்த தொழிலாளர்கள் 53 பேர் மாண்டனர். அந்தத் தொழிற்சாலைதான் மறுபடி எழுந்து நின்று வண்டி வண்டியாகச் செய்து அனுப்பியது. இன்று ஒருவர் துருவைச் சுரண்டும்போது அவர் கையில் இருப்பது வெறும் இரும்பு அல்ல. அந்த இரவில் உயிர் தப்பியவர்களின் உழைப்பும் அதில் இருக்கிறது.

ரப்பர் இல்லாத கைப்பிடி

இனி, அசல் என்றால் என்ன என்பதற்கு வருவோம்.

ஒருவர் 1943-ம் வருஷத்து எம்-20 ஒன்றைப் புதுப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் நல்ல ரப்பர் கைப்பிடி கிடைக்கிறது. வாங்கி மாட்டுகிறார். பார்க்க லட்சணமாக இருக்கிறது. ஆனால் அது தவறு! அந்த வருஷத்து வண்டிக்கு ரப்பர் கைப்பிடி கிடையாது. கித்தான் துணியில் செய்த கைப்பிடிதான் உண்டு. கால் வைக்கும் மிதியிலும் ரப்பர் உறை இராது, வெறும் இரும்பு.

ஏன் அப்படி? அதற்குக் காரணம் இங்கிலாந்தில் இல்லை. நம் பக்கத்தில் இருக்கிறது.

1941 டிசம்பர் 8-ந் தேதி ஜப்பான் படை மலேயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் சரணடைந்தது. பிரிட்டனுக்கு ரப்பர் தந்த பெரிய தோட்டங்கள் எல்லாம் ஒரே வீச்சில் கைவிட்டுப் போயின. மிச்சம் இருந்த ரப்பர் டயருக்கே போதவில்லை. கைப்பிடிக்கு எங்கே போவது? கித்தான் துணியைச் சுற்று என்றார்கள்.

அந்த மலேயாத் தோட்டங்களில் விடியற்காலை எழுந்து மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்கள் யார்? பெரும்பாலும் தமிழர்கள். தோட்டத்தை ஜப்பான் பிடித்த பிறகு, அவர்களில் ஆயிரக்கணக்கானோர் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டார்கள். பசியிலும் காலராவிலும் காட்டிலேயே மடிந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. 1943 அக்டோபரில் அந்தப் பாதை முடிந்தது.

ஒரு மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் சுற்றிய துணி இவ்வளவு கதை சொல்கிறது! அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பளபளக்கும் ரப்பரை மாட்டினால் வண்டி அழகாகலாம். கதை செத்துப்போகும். அசல் பாகம் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களை நாம் பைத்தியக்காரர்கள் என்று நினைக்கிறோம். அவர்கள் பிடிவாதத்துக்கு இப்படி ஒரு நியாயமும் இருக்கிறது.

பச்சையா, பழுப்பா?

பட்டாள வண்டி என்றால் பச்சை என்பது நம் எண்ணம். புதுப்பிக்கிறவர்களும் கையை மூடிக்கொண்டு பச்சை அடித்துவிடுகிறார்கள். அதுவும் எல்லா வருஷத்துக்கும் சரியல்ல.

யுத்தத்தின் நடுவில் பிரிட்டனில் பச்சைச் சாயத்துக்குச் சேர்க்கும் தாதுப் பொருள் தட்டுப்பாடாகிவிட்டது. ஆகவே 1942 முதல் இரண்டு வருஷம்போல, பட்டாள வண்டிகளுக்கு ஒரு வகைப் பழுப்பு வர்ணம் அடித்தார்கள். 1944-ல்தான் ஆலிவ் பச்சை வந்தது. பாலைவனத்துக்குப் போன வண்டிக்கு மணல் நிறம். ஆகவே வருஷம் தெரியாமல் நிறம் சொல்ல முடியாது.

பின் எப்படித் தெரிந்துகொள்வது? வண்டியே சொல்லும். பெட்ரோல் டாங்கியின் ஓர் ஓரத்தில், தண்ணீரில் நனைத்த நைசான உப்புத்தாளால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். மேலே யுத்தத்துக்குப் பிறகு வாங்கியவர் அடித்த கறுப்பு வரும். அதற்குக் கீழே பச்சை. அதற்கும் கீழே பழுப்பு. மரத்தை அறுத்தால் வளையம் தெரிகிறதே, அதுபோல வருஷங்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால், பட்டாளம் எழுதிய வெள்ளை எண்ணும் கிடைக்கும். பிரிட்டிஷ் பட்டாளத்தின் மோட்டார் சைக்கிள் எண்களுக்கு முன்னால் 'சி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும்.

அவசரக்காரர் என்ன செய்கிறார்? முதல் நாளே பட்டறைக்குக் கொண்டுபோய் மணல் அடித்து எல்லாவற்றையும் வெள்ளை இரும்பாக்கி விடுகிறார். சாட்சியை அவரே கொன்றுவிடுகிறார். பழைய வண்டியைத் தொடுமுன் முதலில் எடுக்க வேண்டியது ஸ்பானர் அல்ல. படம் பிடிக்கும் கருவி. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் படம் எடுத்து, எழுதி வைக்க வேண்டும்.

எண்ணில் நடக்கும் மோசடி

இந்த விவகாரத்தில் மிகப் பெரிய ஆபத்து எண்ணில்தான் இருக்கிறது.

எம்-20 வண்டியின் பிரேமில் ஓர் எண் அடித்திருக்கும். எஞ்சினிலும் ஓர் எண் அடித்திருக்கும். பிரேம் எண்ணைக் கொண்டு, பட்டாளம் எந்த ஒப்பந்தத்தில் அந்த வண்டியை வாங்கியது என்று பழைய ஏடுகளைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். பழைய மோட்டார் சைக்கிள் சங்கங்கள் அந்த ஏடுகளைப் பார்த்து வருஷச் சான்று தருகின்றன. வண்டியின் ஜாதகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேம் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒரே வண்டிக்கு உரியவை என்றால் விலை ஏறும். அங்கேதான் குறுக்குப் புத்தி நுழைகிறது. எஞ்சினில் இருந்த எண்ணை அரம் போட்டுத் தேய்த்துவிட்டு, பிரேமுக்குப் பொருந்தும்படி புது எண்ணைக் குத்துகிறார்கள். ஒரு வண்டியின் பிரேம், இன்னொன்றின் எஞ்சின், மூன்றாவதின் கியர் பெட்டி ஆகிய மூன்றையும் சேர்த்து, "அப்படியே கிடைத்தது" என்று விற்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பட்டாளப் பட்டறையிலேயே எஞ்சின்களை மாற்றி மாற்றித்தான் மாட்டினார்கள். பழுதான எஞ்சினைக் கழற்றிப் போட்டு, தயாராக இருந்த வேறொன்றை மாட்டி, அன்றைக்கே வண்டியை அனுப்பினார்கள். யுத்த களத்தில் ஜாதகம் பார்க்க யாருக்கு நேரம்? ஆகவே, எண் பொருந்தாத வண்டி பொய்யான வண்டி அல்ல. அது உழைத்த வண்டி. எல்லாம் அளவுக்கு மீறிக் கச்சிதமாகப் பொருந்தினால்தான் ஒருமுறைக்கு இருமுறை உற்றுப் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? எண் குத்திய இடத்தின் உலோகம் சுற்றியுள்ள இடத்தைவிடப் பள்ளமாகவோ வழுவழுப்பாகவோ இருக்கிறதா? எழுத்துக்கள் மற்ற வண்டிகளில் உள்ள அச்சைப் போலவே இருக்கின்றனவா? எண்ணின் மேல் மட்டும் புது வர்ணமா? இந்த மூன்றையும் பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.

பாகம் தேடும் படலம்

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய வண்டிப் பாகம் கிடைக்காதது இல்லை என்பார்கள். இங்கிலாந்திலும் அப்படிப்பட்ட சந்தைகள் உண்டு. பியூலி என்ற ஊரில் உள்ள மோட்டார் பொருட்காட்சி சாலையில் 1967-ல் தொடங்கிய பழைய பாகச் சந்தை பிரசித்தமானது. தரையில் துணி விரித்து, துருப்பிடித்த கார்புரேட்டரிலிருந்து வேக முள் வரை பரப்பி வைத்திருப்பார்கள்.

யுத்தம் முடிந்ததும் பட்டாளம் மூட்டை மூட்டையாக உதிரி பாகங்களை ஏலம் போட்டது. கிரீஸ் தடவி, மெழுகுக் காகிதத்தில் சுற்றி, பாக எண் எழுதிய பொட்டலங்கள் இன்னும் சில கிடங்குகளிலிருந்து வெளிவருகின்றன. பிரித்தால் உள்ளே நேற்றுச் செய்ததுபோலப் பாகம் இருக்கும்! அதற்குத்தான் அதிக விலை. அடுத்தது, வேறு வண்டியிலிருந்து கழற்றிய பழைய அசல். கடைசியில், இக்காலத்தில் செய்யும் நகல். நகல்களில் ஒரு பகுதி நம் நாட்டுப் பட்டறைகளிலும் உற்பத்தியாகிறது.

நகல் என்றாலே மட்டம் என்று சொல்ல முடியாது. நல்ல லேத்தில் நல்ல கை செய்த பாகம் அசலைவிட அதிக நாள் உழைப்பதும் உண்டு. ஆனால் சில நகல்கள் பார்வைக்கு ஒன்றாக இருந்து அளவில் ஏமாற்றும். துவாரம் ஒரு நூல் தள்ளியிருக்கும். பற்சக்கரம் மெத்து இரும்பாக இருக்கும். ஆயிரம் மைலில் பல் தேய்ந்துவிடும்.

இன்னொரு தொல்லை, திருகுப் புரி. பழைய பி.எஸ்.ஏ. வண்டியின் பல போல்ட்டுகளுக்கு அங்குலத்துக்கு 26 புரி. இன்றைய மில்லி மீட்டர் நட்டு அதில் ஏறாது. பலவந்தமாக ஏற்றினால் இரண்டும் கெடும். ஸ்பானரும் பழைய விட்வொர்த் அளவில்தான் வேண்டும். பொருந்தாத ஸ்பானரைப் போட்டு நட்டின் முனையை மழுக்கிவிட்டு, "பழைய வண்டி, ஒத்துவரவில்லை" என்று வண்டியின் மேல் பழி போடுவது சரியா?

எதை அசலாக வைக்கக்கூடாது?

அசல் அசல் என்று சொல்லிக்கொண்டே உயிரை விட்டுவிடவும் கூடாது. சில பாகங்கள் அசலாக இருந்தால் ஆபத்து.

முதலாவது டயர். எண்பது வருஷத்து ரப்பர் கல்லாகி வெடித்திருக்கும். பார்வைக்கு வைக்கலாம். ஓட்டக்கூடாது. இரண்டாவது, பிரேக் பட்டை. அக்காலப் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதன் தூள் நுரையீரலுக்கு எமன். பிரிட்டனில் 1999 முதல் ஆஸ்பெஸ்டாஸுக்கு முழுத் தடை. பழைய பட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும், காற்று அடித்துத் தூள் பறக்க விடுவதும் கூடவே கூடாது.

மூன்றாவது, மாக்னெட்டோவின் உள்ளே இருக்கும் கண்டென்ஸர். எஞ்சினுக்குத் தீப்பொறி தருவது மாக்னெட்டோ. பழைய கண்டென்ஸர் குளிர்ச்சியில் வேலை செய்து, சூடேறியதும் கையை விரித்துவிடும். வெளிக்கூட்டை அப்படியே வைத்து உள்ளே புதியதைப் பொருத்துகிறார்கள். கண்ணுக்குத் தெரியாது, வண்டியும் ஓடும்.

நான்காவது, பெட்ரோல். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரணப் பெட்ரோலில் பத்தில் ஒரு பங்குவரை எத்தனால் கலக்கிறார்கள். நம் நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவுக்கு வந்துவிட்டோம். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். மாதக் கணக்கில் நிற்கும் வண்டியில் டாங்கி உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். பழைய ரப்பர் குழாயும் வாஷரும் இளகிப்போகும். ஆகவே நீண்ட நாள் நிறுத்தும் வண்டியில் பெட்ரோலை வடித்துவிடுவது நல்லது. குழாயை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றுவதில் குற்றம் இல்லை.

நம் நாட்டு விதி என்ன?

இந்திய சர்க்கார் 2021 ஜூலையில் பழம்பெரும் வண்டிகளுக்குத் தனி விதிகளை வெளியிட்டது. முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் இதில் சேரும். அசல் உருவில் இருக்க வேண்டும். பிரேம், உடல், எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக்கூடாது. புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். 10 வருஷம் செல்லும். மறுபடி பதிவு செய்ய 5,000 ரூபாய். புது எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துக்கள் வரும். முன்பே எண் உள்ள வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். காட்சிக்கும், பழைய வண்டி ஊர்வலத்துக்கும், பெட்ரோல் போடவும், பழுது பார்க்கவும் ஓட்டலாம். தினம் ஆபீசுக்கும் சந்தைக்கும் ஓட்டக்கூடாது.

பிரிட்டனில் 40 வருஷம் தாண்டிய வண்டிக்கே வரி இல்லை. 2018 மே முதல், பெரிதாக மாற்றாத அத்தகைய வண்டிக்கு வருஷப் பரிசோதனையும் கட்டாயம் இல்லை. தினமும் ஓட்டவும் தடை இல்லை. அவர்கள் சொந்தக்காரரை நம்புகிறார்கள். நாம் கட்டணமும் கட்டுப்பாடும் போடுகிறோம்.

எது மேல்? இரண்டிலும் குணமும் உண்டு, குறையும் உண்டு. நம்பி விட்டுவிட்டால் நேர்மையான தொழிலாளிக்கு நிம்மதி. எண்ணைக் குத்தும் மோசடிக்காரனுக்கும் வசதி. கட்டணத்தைக் கூட்டினால் பொய் குறையலாம். ஆனால் கிராமத்துக் கொட்டகையில் உள்ள ஏழையின் வண்டி காயலான் கடைக்கே போகும். இருபதாயிரம் ரூபாய் கட்டணம் கட்டி, ஊர்வலத்துக்கு மட்டும் ஓட்ட யாரால் முடியும்? பழைய வண்டி பணக்காரர் வீட்டு முற்றத்தில் மட்டும்தான் பிழைக்க வேண்டுமா என்று சர்க்கார் யோசிக்க வேண்டும்.

தேருக்கு ஊர் சாட்சி

எல்லாப் பாகமும் மாறிய பிறகும் அது அதே வண்டிதானா என்று சிலர் கேட்பார்கள். நம் ஊர்த் தேரைப் பாருங்கள். அச்சு முறிந்தால் மாற்றுகிறோம். சக்கரம் தேய்ந்தால் மாற்றுகிறோம். சிற்பம் உளுத்தால் புதிதாகச் செதுக்குகிறோம். ஆனாலும் அது அதே தேர்தான். ஏன்? எதை எப்போது மாற்றினோம் என்பது ஊருக்கே தெரியும். மறைத்துச் செய்தது ஒன்றும் இல்லை.

மோட்டார் சைக்கிளுக்கு அப்படி ஊர் இல்லை. கை மாறிக் கை மாறி, கடல் தாண்டிப் போகிறது. அதற்குச் சாட்சி காகிதம் ஒன்றுதான். ஆகவே நகல் பாகம் போடுவது பாவம் அல்ல. நகலை அசல் என்று சொல்வதுதான் பாவம். புதுப்பித்தவர் ஒரு நோட்டுப் புத்தகம் எழுதட்டும். இந்தப் பாகம் அசல், இது வேறு வண்டியிலிருந்து வந்தது, இது நகல், இன்ன தேதியில் மாற்றினேன் என்று எழுதி வண்டியோடு வைக்கட்டும். விற்கும்போது அதையும் சேர்த்துக் கொடுக்கட்டும். எந்தச் சட்டமும் செய்ய முடியாத வேலையை அந்த நோட்டுப் புத்தகம் செய்யும்.

அந்தத் துப்பாக்கிக் கம்பெனி 1970-களின் ஆரம்பத்தில் நொடித்துப்போயிற்று. அதன் பெயரை 2016-ல் நம் நாட்டு மகீந்திராவைச் சேர்ந்த கம்பெனி ஒன்று வாங்கியது. அந்தப் பெயரில் புது வண்டிகள் 2024 ஆகஸ்டு முதல் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தன. பெயரை விலை கொடுத்து வாங்கிவிடலாம். கித்தான் கைப்பிடியை வாங்க முடியாது. அதை யாராவது கழற்றாமல் வைத்திருந்தால்தான் உண்டு.

உங்கள் வீட்டுக் கொட்டகையில் பழைய வண்டி எதுவும் இருந்தால், எடை போட்டு விற்குமுன் ஒரு நாள் பொறுங்கள். துணியால் துடைத்து, எண்ணைப் படித்து எழுதிக்கொள்ளுங்கள். பழைய பதிவுப் புத்தகம் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். அதை ஓட்டிய பெரியவர் உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பாகம் எங்காவது கிடைக்கும். அவர் சொல்லும் விவரம் வேறு எங்கும் கிடைக்காது.